பூக்கத் தவிக்கும் காய்

காலிஃபிளவரை நறுக்கும் முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பச்சை இலைகளை ஒடித்துவிட்டு, வெள்ளைத் திரளிலிருந்து ஒரு கிளையைக் காம்போடு பிய்த்தெடுங்கள். கையில் இருப்பது ஒரு குட்டிக் காலிஃபிளவர். அதிலிருந்து ஒரு கிளையைப் பிய்த்தால் அதைவிடக் குட்டியாக இன்னொன்று வரும். விரல்நகம் அளவுக்கு வந்த பிறகும் உருவம் மாறுவதில்லை. அடியில் ஒரு காம்பு, மேலே குமிழ் குமிழாக ஒரு குவியல். பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் இன்னும் ஓரிரண்டு படிகள் இறங்கிப் பார்க்கலாம். அங்கேயும் அதே உருவம்தான்.

சின்ன வயதில் அம்மா உப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெந்நீரைத் தயாராக வைத்துக்கொண்டு காலிஃபிளவரைப் பிய்க்கச் சொல்வார். புழு இருந்தால் வெந்நீரில் மிதந்து வந்துவிடும். நான் புழுவைத் தேடியதைவிட, எவ்வளவு சிறிதாகப் பிய்க்க முடியும் என்று பார்த்ததுதான் அதிகம். அந்த விளையாட்டுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. இது செடியின் எந்த உறுப்பு?

கேரட் வேர். கீரை இலை. கத்தரியும் வெண்டையும் காய்கள். வாழைப்பூவும் அகத்திப்பூவும் முருங்கைப்பூவும் பெயரிலேயே பூக்கள். காலிஃபிளவரையும் சந்தையில் ‘ஒரு பூ என்ன விலை?’ என்றுதான் கேட்கிறோம். பூக்கோசு என்ற தமிழ்ப் பெயரிலும் பூ இருக்கிறது. ஆனால் நாம் வாங்கி வரும் அந்தத் திரளில் இதழ் கிடையாது, மகரந்தம் கிடையாது, சூலகம் கிடையாது. மொட்டுகூடக் கிடையாது. பூவாக வேண்டும் என்று கிளம்பி, பூவாக முடியாமல் நின்றுபோன எண்ணற்ற வளர்நுனிகள்தான் அங்கே குவிந்து கிடக்கின்றன.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, காலிஃபிளவரின் உறவுக்காரச் செடியான கடுகைப் பார்ப்போம். செடியின் ஒவ்வொரு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடு உண்டு. பாடப்புத்தகங்கள் அதை ஆக்குத்திசு என்கின்றன. இலையோ கிளையோ பூவோ எதுவானாலும் அந்த மேட்டின் ஓரத்தில்தான் ஒரு புடைப்பாகக் கிளம்புகிறது. முதல் சில வாரங்களுக்கு நுனி இலைகளை மட்டும் உண்டாக்கிக்கொண்டிருக்கும். பருவம் வந்ததும் அதன் போக்கு மாறுகிறது. இனிமேல் ஓரத்தில் கிளம்பும் ஒவ்வொரு புடைப்பும் பூவாகப் போகிறதா, கிளையாகப் போகிறதா என்று முடிவாக வேண்டும். பூவானால் அதன் வளர்ச்சி அத்தோடு முடிந்தது. கடுகில் நான்கு மஞ்சள் இதழ்கள் சிலுவைபோல விரியும், பிறகு காயாகும், விதையாகும். கிளையானால் அதற்கு முடிவு கிடையாது. அதன் ஓரத்தில் மேலும் மேலும் புடைப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

இந்த முடிவை எடுப்பது சில மரபணுக்கள். ‘லீஃபி’ என்ற மரபணு ‘பூவாகு’ என்று முதல் கட்டளை கொடுக்கிறது. அது வேறு இரண்டு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒன்றின் பெயர் ‘அபெட்டாலா-1’. மற்றொன்றுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே ‘காலிஃபிளவர்’. எடுத்த முடிவைக் கலையவிடாமல் காப்பதுதான் இந்த இரண்டின் வேலை. ‘கிளையாகவே இரு’ என்று சொல்லும் எதிர்த்தரப்பு மரபணு ஒன்றும் இருக்கிறது. அதைத் தலையெடுக்க விடாமல் அமுக்கி வைப்பதும் இவைதான்.

மரபணுவுக்குக் காய்கறியின் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடி. தாவர மரபியல் ஆய்வாளர்களுக்கு அதுதான் சோதனை எலி. அந்தச் செடியில் அபெட்டாலா-1, காலிஃபிளவர் ஆகிய இரண்டு மரபணுக்களும் ஒருசேரப் பழுதானபோது, பூ வர வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைத் திரள்கள் வந்தன. பார்க்க அசல் காலிஃபிளவர்போலவே இருந்தன. 1995-இல் கலிபோர்னியாவில் மார்ட்டின் யானோஃப்ஸ்கியின் குழு, நாம் சாப்பிடும் காலிஃபிளவரிலும் அந்த ‘காலிஃபிளவர்’ மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டியது. களைச்செடியில் ஆய்வாளர்கள் கண்ட அந்தக் கோளாறை மத்தியதரைக்கடல் கரையோர விவசாயிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டெடுத்து, விதையாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. பூவாக முடியாத புடைப்பு கிளையாக மாறுகிறது என்றால், அது சாதாரணக் கிளையாக இலைவிட்டு நீண்டிருக்க வேண்டும். காலிஃபிளவரின் திரளுக்குள் இலையே இல்லையே, ஏன்? 2021 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் ஃபிரான்சுவா பார்சி, கிறிஸ்டோஃப் கோடன் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்களின் குழு இதற்கு விடை தந்தது. சோதனைச் செடிகளோடு கணினியில் கட்டிய மாதிரிச் செடிகளையும் வைத்துக்கொண்டு அவர்கள் கண்டது இதுதான். புடைப்பு முதலில் பூவாகவே புறப்படுகிறது. முடிவைக் காப்பாற்றும் மரபணுக்கள் பழுதாக இருப்பதால் பாதி வழியில் கிளையாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் சிறிது நேரம் பூவாக இருந்த தடயம் அதன் செல்களில் தங்கிவிடுகிறது. அந்தத் தடயம் இருப்பதால் அது இலை விடுவதில்லை. தன் ஓரத்தில் புதிய புடைப்புகளைத்தான் உண்டாக்குகிறது. அவையும் பூவாகப் புறப்பட்டு, கிளையாகத் திரும்பி, தம் ஓரத்தில் அடுத்த தலைமுறையை உண்டாக்குகின்றன. தண்டுகளும் நீளாததால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நாம் பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்த குட்டிகள் எல்லாம் இப்படித் திரும்பி வந்த தலைமுறைகள்.

நினைவு என்ற சொல்லைச் செடிக்குப் பயன்படுத்தலாமா என்று எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. காலிஃபிளவரைப் படித்த பிறகு தயக்கம் போய்விட்டது. நடந்து முடிந்த ஒன்று உடலில் தங்கி, அடுத்து நடப்பதைத் தீர்மானிக்கிறது. அதற்கு நினைவு என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

திரளை நேராக மேலிருந்து பார்த்தால் குமிழ்கள் சுருள் சுருளாக அமைந்திருப்பது தெரியும். வலப்பக்கமாகச் சுழலும் வரிசைகளை எண்ணிவிட்டு, இடப்பக்கமாகச் சுழல்பவற்றையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 5-உம் 8-உம் வரும், அல்லது 8-உம் 13-உம் வரும். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனாச்சி எண்கள் இவை. ஒவ்வொரு புதிய புடைப்பும் முந்தையவற்றின் நெருக்கம் குறைந்த இடமாகப் பார்த்துக் கிளம்புவதால் இந்த ஒழுங்கு தானாக வருகிறது. இத்தாலியின் ரோமனெஸ்கோ வகையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு நுனியும் வளர வளரப் புடைப்புகளை இன்னும் விரைவாக உண்டாக்கிக்கொண்டே போகிறது. அதனால் குமிழ்களுக்குப் பதில் கூம்புகள், கூம்புகளின்மேல் கூம்புகள் என்று இளம்பச்சையில் ஒரு கோபுரமே எழுந்து நிற்கும்.

இனி இந்தக் கோளாறைப் பொறுக்கி எடுத்தவர்களைப் பற்றிப் பேசலாம். முட்டைக்கோஸ், நூக்கல், புரோக்கோலி, களைக்கோஸ், கேல் கீரை, காலிஃபிளவர் ஆகிய ஆறும் ஒரே தாவர இனம். பிராசிக்கா ஒலரேசியா என்பது அதன் பெயர். இலைகள் மூடிக்கொண்ட செடியைப் பொறுக்கியவர்களுக்கு முட்டைக்கோஸ் கிடைத்தது. தண்டு பருத்த செடியைப் பொறுக்கியவர்களுக்கு நூக்கல் கிடைத்தது. பூக்குருத்து தடித்ததைப் பொறுக்கியவர்களுக்குப் புரோக்கோலி. அந்தப் புரோக்கோலியிலிருந்து படிப்படியாகக் காலிஃபிளவர் வந்தது என்று 2024-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு உறுதிசெய்திருக்கிறது.

இந்த வேலை நடந்த இடம் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் இருந்த இப்னு அல்-அவாம் என்ற அரபு வேளாண் அறிஞர் தம் பெருநூலில் காலிஃபிளவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் இதைச் சைப்ரஸ் கோஸ் என்றே அழைத்தார்கள். விதை அங்கிருந்து வந்துகொண்டிருந்ததுதான் காரணம். வடக்கே போகப் போக செடி குளிருக்குப் பழகியது. குளிர் இல்லாவிட்டால் திரளே கட்டாது என்ற நிலைக்கு வந்தது. ஐரோப்பாவின் ஸ்னோபால் வகைகள் திரள் கட்ட 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். அதற்கு மேல் வெப்பம் இருந்தால் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூ வராது.

இந்தச் செடி இந்தியாவுக்கு வந்தது 1822-இல். இங்கிலாந்திலிருந்து சகாரன்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தோட்டத்துக்கு விதை வந்தது என்று தோட்டக்கலை நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. கங்கைச் சமவெளியில் குளிர்காலம் குறுகியது. இங்கிலாந்தின் விதையை விதைத்தால் பெரும்பாலான செடிகள் வெறும் இலையாக நிற்கும். எங்கோ ஒன்றிரண்டு மட்டும் அந்த வெப்பத்திலும் திரள் கட்டும். பெரிதாக இருந்திருக்காது, வெண்மையாகவும் இருந்திருக்காது. அந்த ஒன்றிரண்டைக் கண்டுகொண்ட விவசாயிகள்தான் இந்தியக் காலிஃபிளவரை உருவாக்கியவர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அவர்கள் செய்த வேலை எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கத்தரியிலோ வெண்டையிலோ பத்துக் காய்களை விற்றுவிட்டு ஒன்றை விதைக்கு விடலாம். காலிஃபிளவர் செடிக்கு ஒரே ஒரு திரள்தான். விதை வேண்டும் என்றால் வயலிலேயே சிறந்த செடியை வெட்டாமல் விட வேண்டும். சந்தையில் அதிக விலைக்குப் போகும் பூவை விற்காமல், அது கலைந்து, நீண்டு, பூத்துக் காய்க்கும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் விட்டுக் காவல் காக்க வேண்டும். நல்லதை விற்றுவிட்டு மட்டமானதை விதைக்கு விட்டால் அடுத்த ஆண்டு வயல் முழுவதும் மட்டமாகும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் என்பதால், ஒருவர் வாழ்நாள் முழுவதும் பொறுக்கினாலும் நாற்பது ஐம்பது முறைதான் வாய்ப்புக் கிடைக்கும். அப்பாவின் விதையை மகன் தொடர்ந்திருந்தால்தான் வேலை நடக்கும். அது நடந்தது.

சட்டன் என்ற ஆங்கிலேய விதை நிறுவனம் 1929 வாக்கில் ‘முன்பருவப் பாட்னா’, ‘முன்பருவப் பனாரஸ்’ என்ற பொருளில் பெயரிட்டு விதை விற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த செடி நூறு ஆண்டுகளில் பாட்னாவின் பெயரையும் காசியின் பெயரையும் சுமந்துகொண்டு திரும்ப அவர்களுடைய விதைப்பட்டியலில் ஏறியது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஷ்ணு ஸ்வரூப், சட்டர்ஜி ஆகிய இருவரும் இந்தப் பரம்பரையை ஆராய்ந்து 1972-இல் எழுதினார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் வளர்ந்த வகைகளே இந்தியக் காலிஃபிளவரின் முக்கிய மூதாதை என்றும், வேறு ஐரோப்பிய வகைகளும் அதில் கலந்தன என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். தேனீக்கள் வயலுக்கு வயல் மகரந்தத்தைக் கொண்டுபோனதால் கலப்பு தானாக நடந்தது. கலந்ததில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தது விவசாயியின் கண். முன்பருவ இந்திய வகைகள் இன்று 20 முதல் 27 டிகிரியில் திரள் கட்டுகின்றன. ஐரோப்பிய வகையோடு ஒப்பிட்டால் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். காலிஃபிளவரின் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய மாற்றம் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

வடநாட்டு விவசாயிகள் தங்கள் வகைகளுக்கு மாதங்களின் பெயரையே வைத்தார்கள். காத்திகி, அகானி, பூசி, மாகி. கார்த்திக மாதத்தில் திரள்வது காத்திகி. மாக மாதத்தில் திரள்வது மாகி. இந்தப் பெயரிலேயே பயிர்ச் சாகுபடியின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. காத்திகி விதையைத் தாமதமாக விதைத்தால் செடி வளர்வதற்குள் குளிர் வந்து, பொத்தான் அளவில் ஒரு திரளைக் கட்டிவிட்டு நின்றுவிடும். மாகி விதையை முன்கூட்டியே விதைத்தால் இலைதான் மிஞ்சும். ஓசூர் பக்கம் காலிஃபிளவர் போடும் விவசாயிகளுக்கும் இதே விதிதான். பருவத்துக்குப் பொருந்தாத விதைப் பொட்டலம் ஒன்று போதும், ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் மாட்டுத் தீவனமாகிவிடும். நாற்று வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது ‘இது எந்த மாதத்து ரகம்?’ என்பதைத்தான்.

திரள் கட்டிய பிறகும் வெப்பநிலை பிடியை விடுவதில்லை. நுனிகள் கிளைக்கும் பூவுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பவை. வெப்பம் கூடினால் கிளைப்பக்கம் சாய்ந்து, வெள்ளைத் திரளுக்குள்ளிருந்து சின்னச் சின்னப் பச்சை இலைகள் எட்டிப்பார்க்கும். ரகத்துக்கு ஒவ்வாத குளிர் அடித்தால் பூப்பக்கம் சாய்ந்து, திரளின் மேல்பரப்பு சோற்றுப் பருக்கை தூவியதுபோல நொய்நொய்யாகிவிடும். அந்தப் பருக்கைகள் உருவாகத் தொடங்கிய மொட்டுகள். சந்தையில் இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார்கள். வெயில் பட்டால் திரள் மஞ்சளடிக்கும் என்பதால் விவசாயிகள் செடியின் இலைகளையே மடித்து அதன்மேல் குடைபோல மூடுகிறார்கள். நாம் விரும்பும் வெண்மை நிழலில் வளர்த்த வெண்மை. சுவைக்கும் சத்துக்கும் அதனால் கூடுதலாக எதுவும் வந்துவிடுவதில்லை. இளமஞ்சள் பூவை மட்டம் என்று ஒதுக்காமல் வாங்கலாம்.

மண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புளிப்பு மிகுந்த மண்ணில் இலையின் பரப்பெல்லாம் குறைந்து, நடுநரம்பு மட்டும் சாட்டைவார்போல நீளும் நோய் ஒன்று வரும். காரணம் கிருமி அல்ல, மாலிப்டினம் என்ற உலோகம் கிடைக்காததுதான். செடிக்குத் தேவைப்படும் அளவு மிக மிகக் குறைவு. ஆனால் அது இல்லாமல் மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைச் செடியால் பயன்படுத்த முடியாது. புளிப்பு மண்ணில் மாலிப்டினம் இருந்தாலும் அது வேருக்குச் சிக்காமல் கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு இட்டால் விடுபட்டு வரும். புளிப்பு மண் உள்ள மலைப்பகுதிகளில் சுண்ணாம்பு இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டால் எழும் அந்தக் கந்தக வாடை கடுகுக் குடும்பத்தின் முத்திரை. செல்லுக்குள் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும் அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கும். பூச்சி கடித்தாலும் கத்தி பட்டாலும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் வருவதும் இப்படித்தான். பெரும்பாலான பூச்சிகளுக்கு அது விஷம். வைரமுதுகு அந்துப்பூச்சியோ அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே முட்டையிட வந்துசேரும். கோஸ் வயலில் ஊடே கடுகு விதைத்து, பூச்சியை அதன்பக்கம் இழுத்துவிடுவது நம் விவசாயிகள் கடைப்பிடிக்கும் நல்ல முறை. மருந்துத் தெளிப்பைக் குறைக்கும் எந்த வழியும் இந்தப் பயிருக்கு அவசியம். ஏனென்றால் குமிழ்களின் இடுக்கில் தங்கியதை முழுதாகக் கழுவி எடுப்பது கடினம்.

பொறுக்கும் கண் அண்மைக்காலத்திலும் வேலை செய்திருக்கிறது. 1970-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிராட்ஃபோர்டு சதுப்புநிலப் பகுதியின் ஒரு வயலில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு காலிஃபிளவர் வந்தது. அதைப் பிடுங்கி எறியாமல் எடுத்துவைத்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கலப்புச் செய்து அதைச் சந்தைக்கேற்ற ரகமாக்கினார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அது பீட்டா கரோட்டினைச் சேமிக்கும் நுண்ணறைகளைச் செல்லுக்குள் உண்டாக்குகிறது. டெல்லியில் அதே மரபணுவைக் கொண்டு உருவாக்கிய ‘பூசா பீட்டா கேசரி 1’ 2015-இல் வெளியானது. கிலோவுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் அதில் இருக்கிறது. வெள்ளைக் காலிஃபிளவரில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒரு வயலில், ஒரு செடியை, ஒருவர் கவனித்ததால் வந்தது இது.

அந்தக் கவனம் இப்போது விவசாயியின் கையிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. இன்று விற்கும் விதைகளில் பெரும்பங்கு கலப்பின விதை. அவற்றில் பலவற்றை உண்டாக்க, ஜப்பானில் ஒகுரா என்ற ஆய்வாளர் 1968-இல் முள்ளங்கியில் கண்ட ஆண்மலட்டுத் தன்மையைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் செடிகள் பூத்தாலும் மகரந்தம் இருக்காது. சீரான பூ, ஒரே நாளில் அறுவடை, நல்ல விலை என்று விவசாயிக்கு அதனால் லாபம் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் பாட்னாவிலும் காசியிலும் நடந்த பொறுக்கல் வேலை இத்தகைய வயலில் நடக்க வாய்ப்பே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், வெப்பத்தில் திரளும் செடியை இனிமேலும் நாம் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கலப்பினம் அல்லாத பழைய ரகங்களை வேளாண் நிறுவனங்கள் தொடர்ந்து பெருக்கி, வயலில் பொறுக்கத் தெரிந்த விவசாயிகளிடமே கொடுக்க வேண்டும். குளிர்பெட்டியில் உறங்கும் விதை மட்டும் போதாது.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கலப்பினம் அல்லாத முன்பருவ ரகம் ஒன்றைக் குளிர்காலத்துக்கு முன் நடுங்கள். திரண்ட பிறகு எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். விட்டுவைத்த திரள் சில வாரங்களில் கலையும், நிறம் மங்கும், பெரும்பாலான நுனிகள் கருகி உதிரும். ஒரு சிறு பங்கு மட்டும் நீண்டு எழுந்து, கடுகுப் பூவைப்போலவே நான்கு மஞ்சள் இதழ்களோடு மலரும், தேனீக்கள் வரும். விட்டுவைப்பது இரண்டு மூன்று செடிகளாக இருக்கட்டும். முன்பருவ இந்திய வகைகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை, ஒற்றைச் செடியில் விதை பிடிப்பது அரிது.